மார்க் போட்டு ஜெயிப்பது விளையாட்டா?

கோபிச்செட்டிபாளையம் பக்கமிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். மகன் சிலம்பம் சுற்றுகிறான், மகள் யோகாசனம் செய்கிறாள். மாவட்டப் போட்டி ஒன்றில் மகளுக்கு நான்காவது இடம். ஏன் நான்காவது என்று அங்கே யாராலும் சொல்ல முடியவில்லை. "ஓட்டப் பந்தயம்னா முன்னால வந்தவன் முன்னால, அதுல பேச்சே இல்லீங்க. இங்க அஞ்சு பேரு உக்காந்துக்கிட்டு மார்க் போடறாங்க. இதையெல்லாம் ஆசியப் போட்டி, ஒலிம்பிக்னு கொண்டு போறது சரிங்களா? கலை நிகழ்ச்சியோட நிறுத்திக்கக் கூடாதுங்களா?" என்பது அவர் கேள்வி.

கொண்டு போகலாம் என்பதே என் பதில். ஆனால் கண்ணால் பார்த்து மார்க் போடுகிற எல்லாவற்றையும் கொண்டு போகலாம் என்று சொல்ல மாட்டேன். போட்ட மார்க்கைப் பிரித்து, எந்த அசைவுக்கு எவ்வளவு வந்தது, எந்தத் தவறுக்கு எவ்வளவு போனது என்று போட்டியாளரிடம் கணக்குக் காட்ட முடிகிற ஆட்டம் சர்வதேசப் போட்டிக்கு உரியது. அப்படிக் காட்ட முடியாத ஆட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், எவ்வளவு உடல் உழைப்பைக் கேட்டாலும், இன்னும் தயாராகவில்லை என்றே அர்த்தம். உங்கள் மகள் விஷயத்தில் கணக்குக் காட்டாமல் விட்டது அந்த நடுவர் மேசை. பழியை யோகாசனத்தின் மேல் போட வேண்டாம்.

கண்ணால் மதிப்பிடுவது என்றாலே மனம்போன போக்கு என்று நினைக்க நம் பக்கத்தில் காரணமே இல்லை. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் ஓட்டி நேரம் எடுக்கிறார்கள். குறைந்த நேரத்தில் கடந்த வண்டிக்குப் பரிசு. அதே காளையைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் வாங்க வருகிறவர் ஸ்டாப்வாட்ச் கொண்டு வருவதில்லை. பல், சுழி, திமில், கொம்பின் வளைவு, நடை என்று பார்த்து விலை சொல்கிறார். பழகிய இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் சொல்லும் விலையில் பெரிய தூரம் இருக்காது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் விரலியை ஒடித்து உள்நிறம் பார்ப்பதும் இதே கதைதான். எதைப் பார்க்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தப்பாகச் சொன்னால் பக்கத்தில் நிற்பவர் பிடித்துவிடுவார். இந்த இரண்டும் சேரும்போது கண் ஓர் அளவுகோலாகிறது. இரண்டில் ஒன்று போனாலும் அது வெறும் அபிப்பிராயம்.

கடிகாரத்தின் பக்கமும் கொஞ்சம் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது நாம் நினைக்கிற அளவு சுத்தமில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சல். ஆஸ்திரேலியாவின் ஜான் டெவிட்டுக்கு மூன்று கடிகாரங்களும் 55.2 விநாடி காட்டின. அமெரிக்காவின் லான்ஸ் லார்சனுக்குக் காட்டியவை 55.0, 55.1, 55.1. தங்கம் போனது டெவிட்டுக்கு! முதலில் தொட்டது யார் என்பதை அப்போது கரையில் நின்ற நடுவர்களின் கண்தான் முடிவு செய்தது. நீச்சலும் ஒரு காலத்தில் கண்ணால் தீர்ப்புச் சொன்ன விளையாட்டுதான். 1972 மியூனிக்கில் நேர்மாறான சிக்கல் வந்தது. 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சலில் ஸ்வீடனின் கன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீயை 4:31.981க்கு 4:31.983 என்று விநாடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் வென்றார். குளத்தின் ஒரு பாதைக்கும் பக்கத்துப் பாதைக்கும் கட்டுமானத்தில் வரக்கூடிய நீள வித்தியாசமே அந்த இடைவெளியை விடப் பெரியது. அதனால் பிறகு நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். இன்று அதற்குள் சமமாக வந்தால் இருவருக்கும் ஒரே இடம். கருவியால் எதை அளக்க முடியாது என்று ஒத்துக்கொண்ட பிறகே அந்த முடிவுகளுக்கு நம்பிக்கை வந்தது.

தடகளத்துக்குள்ளேயே நடைப்போட்டி இருக்கிறது. ஒரு காலாவது தரையில் இருப்பதாக வெறும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். முன்கால் தரையைத் தொட்ட நேரத்திலிருந்து உடலுக்கு நேர்கீழே வரும்வரை முழங்கால் மடங்கக் கூடாது. இதைக் கேமராவில் பார்த்து முடிவு செய்வதில்லை, பாதையோரம் நிற்கும் நடுவர்கள் பார்த்துச் சிவப்பு அட்டை கொடுக்கிறார்கள். குத்துச்சண்டையைச் சொல்லவே வேண்டாம். 1988 சியோலில் ராய் ஜோன்ஸ் ஜூனியர் தெளிவாக அடித்து ஆடியும் 3-2 என்று பார்க் சி-ஹுன்னிடம் தோற்றதாக அறிவித்தார்கள். அதில் கலையும் இல்லை, இசையும் இல்லை, நடுவர் இருந்தார். ஆகவே "நடுவர் இருந்தால் விளையாட்டில்லை" என்று கோடு போட்டால் பாதி ஒலிம்பிக் கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

கோட்டை எங்கே போடலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், பலர் மறந்துபோன ஒன்று, பளுதூக்குதலில் இருக்கிறது. 1972 வரை அதில் மூன்று வகைத் தூக்குகள் இருந்தன: ஸ்னாட்ச், கிளீன் அண்ட் ஜெர்க், இவற்றோடு பிரெஸ். பிரெஸ்ஸில் தோளிலிருந்து எடையைக் கால் உதவியில்லாமல், உடம்பு நிமிர்ந்தபடி மேலே ஏற்ற வேண்டும். வீரர்கள் வருஷத்துக்கு வருஷம் முதுகைப் பின்னால் சாய்த்துச் சாய்த்து, கடைசியில் அது நெஞ்சால் தள்ளுவது போலவே ஆகிவிட்டது. எவ்வளவு சாய்ந்தால் தவறு என்று எந்த நடுவராலும் ஒரே மாதிரி சொல்ல முடியவில்லை. 1972க்குப் பிறகு பிரெஸ்ஸையே எடுத்துவிட்டார்கள். தூக்கியது எத்தனை கிலோ என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனாலும் ஒழுங்காகத் தூக்கினாரா என்பதற்கு விதியை அமல்படுத்த முடியாதபோது அந்தப் பிரிவு போட்டியில் நிற்கவில்லை. கலை விளையாட்டுகளுக்கும் நான் வைப்பது இதே அளவுகோல்.

இனி ஜிம்னாஸ்டிக்ஸை எடுத்துக்கொண்டு ஒரு மார்க்கைப் பிரித்தே காட்டுகிறேன். நவீன ஒலிம்பிக் தொடங்கிய 1896லேயே அது இருந்தது. 1976 மாண்ட்ரியலில் நாடியா கொமனேச்சி 10 வாங்கியபோது, அந்த அளவுக்கு இடம் ஒதுக்காத பலகை 1.00 என்று காட்டியதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த 10 இப்போது இல்லை. 2006 முதல் இரண்டு தனிக் கணக்கு. ஒன்று கடினப் புள்ளி: என்ன செய்தாள்? மற்றொன்று செய்நேர்த்திப் புள்ளி: எப்படிச் செய்தாள்? இரண்டையும் வெவ்வேறு நடுவர்கள் போடுகிறார்கள்.

பீம் என்கிற கட்டையில் ஒரு பெண் ஏறுகிறாள் என்று வையுங்கள். அகலம் 10 சென்டிமீட்டர், நீளம் 5 மீட்டர், உயரம் 1.25 மீட்டர், நேரம் 90 விநாடிக்குள். ஒவ்வோர் அசைவுக்கும் விதிப்புத்தகத்தில் எழுத்து மதிப்பு உண்டு. ஏ என்றால் 0.1, பி 0.2, சி 0.3, டி 0.4, இப்படி ஏறும். அவள் செய்ததில் மதிப்பு அதிகமுள்ள எட்டு மட்டும் கணக்கில் வரும். மூன்று டி, மூன்று சி, இரண்டு பி என்றால் 1.2, 0.9, 0.4, மொத்தம் 2.5. கட்டாயமாக இடம்பெற வேண்டிய நான்கு வகை அசைவுகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 0.5 வீதம் 2.0. கடினப் புள்ளி 4.5. செய்நேர்த்தி 10இல் தொடங்கிக் கீழே இறங்கும். சின்னத் தவறுக்கு 0.1, நடுத்தரத்துக்கு 0.3, பெரிதுக்கு 0.5, கீழே விழுந்தால் 1.0. ஒன்பது சின்னது, மூன்று நடுத்தரம், ஒரு விழுதல் என்றால் 2.8 போய் 7.2 மிஞ்சும். ஆக 11.7. இந்த 11.7ஐ அவளுடைய பயிற்சியாளர் தன் நோட்டில் எழுதிக்கொண்டே வரலாம். பலகையில் வேறு எண் வந்தால் வித்தியாசம் எந்தப் பக்கம் என்று அவருக்கு உடனே தெரியும். உங்கள் ஊர் மேசையில் இல்லாமல் போனது இதுதான்.

2016 ரியோவில் திரிபுராவின் தீபா கர்மாகர் வால்ட் இறுதியில் நான்காவதாக வந்தது நம் எல்லோருக்கும் வலித்தது. ஆனால் அந்த நான்காம் இடத்துக்குக் கணக்கு உண்டு. இரண்டு தாவல்களின் சராசரி 15.066, வெண்கலம் வாங்கிய சுவிட்சர்லாந்தின் ஜூலியா ஸ்டைங்ரூபருக்கு 15.216. வித்தியாசம் 0.150. இது சராசரி என்பதால் ஒரு தாவலில் 0.3, அதாவது ஒரே ஒரு நடுத்தரத் தவறு. 7.0 கடினம் உள்ள புரோடுனோவா தாவலில் அவர் ஆழமாகக் குந்தி இறங்கினார். இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து இறங்கியிருந்தால் பதக்கத்துக்கான சண்டை வேறு மாதிரி போயிருக்கும். மனம் ஆறாது, சரி. ஆனால் எதைத் திருத்த வேண்டும் என்று அடுத்த நாள் காலையில் தெரிகிறது. தோற்றவருக்கு இந்தத் தெளிவைக் கொடுப்பது ஒரு விளையாட்டின் கடமை என்று உறுதியாக நம்புகிறேன்.

நடுவர் எத்தனை பேர், எந்த மார்க்கை நீக்குவது என்பதிலும் நிறைய விஷயம் இருக்கிறது. நம் மாவட்ட அளவில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். டைவிங்கில் ஏழு நடுவர்கள், அரை அரையாக 10 வரை மார்க். மேலே இரண்டு, கீழே இரண்டு நீக்கிவிட்டு நடுவில் உள்ள மூன்றைக் கூட்டிக் கடின எண்ணால் பெருக்குவார்கள். 7, 7.5, 8, 8, 8, 8.5, 9 என்று வந்தால் மிஞ்சுவது 24, கடினம் 3.2 என்றால் 76.8. ஜோடியாகக் குதிக்கும் பிரிவில் பதினொரு நடுவர்கள், அதில் ஐந்து பேர் இருவரும் ஒத்துக் குதித்தார்களா என்பதை மட்டும் பார்ப்பார்கள்.

ஏன் ஏழு? ஐந்து பேர் உட்கார்ந்து மேலே ஒன்று, கீழே ஒன்று நீக்கும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் 8 போடுகிற இடத்தில் ஒருவர் மட்டும் வேண்டுமென்றே 9 போட்டால் அது நீங்கிவிடும், கெடுதலில்லை. இருவர் பேசி வைத்து 9 போட்டால் ஒன்றுதான் நீங்கும். மிச்சம் 9, 8, 8. கூட்டுத்தொகை 24க்குப் பதில் 25. ஏழு பேரில் இரண்டிரண்டு நீக்கும்போது அதே இருவர் பேசி வைத்தாலும் இரண்டு 9உம் நீங்கி 24 அப்படியே நிற்கும். கெடுக்க வேண்டுமானால் மூன்றாவது ஆள் வேண்டும். நடுவர்கள் தங்கள் நாட்டுக்காரருக்குச் சற்று தாராளமாகப் போடுவார்கள் என்பது பல ஆய்வுகளில் வெளிப்பட்ட விஷயம். நீக்கும் முறை வந்ததே அதற்காகத்தான். மாவட்டப் போட்டியில் ஐந்து நடுவர்களில் மூவர் ஒரே ஆசானிடம் பழகியவர்களாக இருந்தால், எந்த நீக்கல் முறையும் காப்பாற்றாது. அவர்கள் கெட்டவர்களாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தான் கற்ற அடி கண்ணுக்குச் சரியாகத் தெரியும், மற்றவருடைய அடி பிசகாகத் தெரியும். அவ்வளவுதான்.

தவறுகளும் நடந்திருக்கின்றன. மறைக்கத் தேவையில்லை. 1992 பார்சிலோனாவில் தனிநபர் ஒத்திசைவு நீச்சலில் ஒரு நடுவர் 9.7 போட நினைத்து 8.7 என்று அழுத்திவிட்டார். திருத்த முயன்றும் ஏற்கப்படாமல் கனடாவின் சில்வி ஃப்ரெஷெட்டுக்கு வெள்ளி. அடுத்த ஆண்டு அவருக்கும் தங்கம் கொடுத்துச் சரி செய்தார்கள். 2002 சால்ட் லேக் சிட்டியில் ஐஸ் ஸ்கேட்டிங் ஜோடிப் பிரிவில் பிரெஞ்சு நடுவர் அழுத்தத்துக்கு ஆளாகி மார்க் போட்டதாக விவகாரம் வெடித்து, கனடா ஜோடி சாலே, பெல்டியேவுக்கு இரண்டாவது தங்கம் தர நேர்ந்தது. 6.0 என்ற பழைய முறையே அதோடு ஒழிந்தது. 2004க்குப் பிறகு ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் அடிப்படை மதிப்பு, அதன் மேல் தரத்துக்கு ஏற்றம் இறக்கம் என்று மாறியது. இன்று அந்த ஏற்ற இறக்கம் −5 முதல் +5 வரை.

2004 ஏதென்ஸ் இன்னும் கசப்பானது. கொரியாவின் யாங் டே-யங் செய்த பேரலல் பார்ஸ் ஆட்டத்துக்கு 10.0 என்று தொடங்க வேண்டிய மதிப்பை 9.9 என்று வைத்துவிட்டார்கள். அவர் வெண்கலம், தங்கம் வாங்கிய பால் ஹாமுக்கும் அவருக்கும் இடைவெளி வெறும் 0.049. விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போனார்கள். உரிய நேரத்தில் முறையிடவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. அதே போட்டிகளில் ரஷ்யாவின் நெமோவுக்கு மார்க் குறைந்ததென்று அரங்கமே கூச்சலிட்டு ஆட்டத்தை நிறுத்தியபோது 9.725 என்பது 9.762 ஆனது. சத்தத்துக்கு மார்க் ஏறுவது எவ்வளவு ஆபத்து! தொடக்க மதிப்பையும் செய்நேர்த்தியையும் முழுதாகப் பிரித்த 2006 மாற்றம் இந்தக் காயங்களுக்குப் பின்னால் வந்ததுதான். 2024 பாரிஸிலும் தரைப்பயிற்சி இறுதியில் ஜோர்டன் சைல்ஸின் மார்க் முறையீட்டில் 13.666இலிருந்து 13.766 ஆகி வெண்கலம் கிடைத்தது; பிறகு முறையீடு ஒரு நிமிடக் கெடுவைத் தாண்டி நான்கு விநாடி தாமதம் என்று தீர்ப்பாயம் சொல்ல, பதக்கம் ருமேனியாவின் அனா பர்போசுவுக்குப் போனது. பார்க்க வேதனைதான். ஆனாலும் கவனியுங்கள்: சண்டை முழுக்க ஒரு குறிப்பிட்ட அசைவின் 0.1 மதிப்பையும், கடிகாரத்தில் ஒரு நேரத்தையும் பற்றியது. யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதைப் பற்றியதல்ல. சண்டை போடுவதற்கே ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

கலைப் பகுதிக்கு வருவோம், உங்கள் கேள்வியின் முள் அங்கேதான். கலைக்கே ஒலிம்பிக் பதக்கம் கொடுத்த காலம் உண்டு. 1912 முதல் 1948 வரை கட்டடக்கலை, இலக்கியம், இசை, ஓவியம், சிற்பம் ஆகியவற்றில் போட்டி நடந்தது. அயர்லாந்தின் ஓவியர் ஜாக் யேட்ஸ் 1924இல் வெள்ளி வாங்கினார். அது நீடிக்கவில்லை. இரண்டு கவிதைகளில் எது மேல் என்பதற்கு 0.3 கழிக்க ஒரு விதி எழுத முடியாது. 2024 பாரிஸில் பிரேக்கிங் என்கிற தெரு நடனம் வந்தது. ஒன்பது நடுவர்கள், நுட்பம், அசைவு வளம், செய்நேர்த்தி, இசையோடு ஒத்துப்போதல், புதுமை என்று ஐந்து கூறுகள், ஒவ்வொன்றும் 20 சதவீதம். ஆடியவர்களின் உடல் திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் அங்கே ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுத் தராசு முள்ளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் நகர்த்துகிறார்கள். இந்தச் சுழலுக்கு இவ்வளவு என்ற அடிப்படை மதிப்பு இல்லை. தோற்றவர் திருத்திக்கொள்ள எதைப் பிடிப்பது? 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பட்டியலில் அது இல்லை. அடிப்படை மதிப்பு ஒன்றைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தால் வரவேற்பேன்.

ஒத்திசைவு நீச்சல், இன்றைய பெயரில் கலை நீச்சல், எதிர்த்திசையில் போனது. 2023 முதல் அணி என்ன செய்யப்போகிறது என்பதை வரிசையாக முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதியதுபோலச் செய்யாவிட்டால் அந்த அசைவின் கடின மதிப்பு அடிமட்டத்துக்கு விழும். பெரிய அணிகளே இதில் தடுக்கி விழுந்தன, ரசிகர்கள் கலை செத்துவிட்டதென்று புலம்பினார்கள். எனக்கு அந்த மாற்றம் நல்லதாகப் படுகிறது. பெயரைப் பார்த்து மார்க் போடும் பழக்கம் அதில் குறையும்.

எல்லாவற்றையும் இந்த உரலில் போட்டு இடிக்கவும் கூடாது. நம் வள்ளி கும்மியைப் பாருங்கள். கோவை மாவட்டத்தின் பத்ரப்பன் ஐயாவுக்கு அதற்காகவே 2024இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்து, தட்டி, திரும்பி ஆடிப் பாருங்கள், மூச்சு வாங்குவதில் எந்த விளையாட்டுக்கும் குறைந்ததில்லை. ஆனால் கும்மியில் ஒருத்திக்குக் கால் தப்பினால் பக்கத்தில் இருப்பவர்கள் அவளையும் சேர்த்து வட்டத்தை நேர்ப்படுத்திக்கொள்வார்கள். மார்க் என்று வந்தால் கால் தப்புகிறவள்தான் முதலில் இடத்தை இழப்பாள். சின்னப் பிள்ளையும் பாட்டியும் ஒரே வட்டத்தில் நிற்க முடியாது. உடல் உழைப்பு இருப்பதாலேயே ஒன்றைப் போட்டியாக்க வேண்டியதில்லை.

சிலம்பம் அப்படியில்லை, அதற்குள் போட்டி இயல்பாகவே இருக்கிறது. உங்கள் மகனுக்கு இது தெரிந்திருக்கும்: ஒரு பக்கம் தனித்திறமை, அதாவது ஒற்றைக்கம்பு, இரட்டைக்கம்பு, சுருள்வாள், மான்கொம்பு என்று சுற்றிக் காட்டுவது. மறு பக்கம் தொடுமுறை, எதிராளியைக் கம்பால் தொட்டால் புள்ளி. கராத்தேயில் கட்டாவும் குமிட்டேயும் இருப்பதுபோல. 2020 டோக்கியோவில் கட்டாவுக்கு ஏழு நடுவர்கள், நுட்பத்துக்கு 70, உடல்திறனுக்கு 30 சதவீதம் என்று மார்க் போட்டார்கள். சீனத்து வூஷு வரிசைகள் 1990 முதலே ஆசியப் போட்டியில் இருக்கின்றன. ஆகவே கம்புச் சுற்றுக்கு வழி மூடப்படவில்லை. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில், கோவையும் ஓர் இடமாக இருந்த அந்தப் போட்டிகளில், சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக வந்தது. அடுத்த படிக்குத் தடையாக நான் பார்ப்பது பெயர்ப் பட்டியலை. ஒரே வீச்சுக்கு ஊருக்கு ஊர், ஆசானுக்கு ஆசான் வேறு பெயர், காலடி எண்ணிக்கை வேறு. தொடுமுறையைப் பார்த்தால் வெளிநாட்டு நடுவருக்கும் புரியும். தனித்திறமையில், முதுகுக்குப் பின் கைமாற்றுவது எத்தனை புள்ளி, கம்பு நழுவினால் எவ்வளவு போகும், சுற்றின் வேகம் பாதியில் தளர்ந்தால் எவ்வளவு போகும் என்று எல்லாப் பரம்பரையும் ஒத்துக்கொண்ட ஒரு அட்டவணை வேண்டும். ஆசான்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து அசைவு அசைவாக விலை வைக்க வேண்டிய வேலை அது. விட்டுக்கொடுக்க மனசு வராத வேலையும்கூட.

யோகாசனம் இந்த வேலையில் கொஞ்சம் முந்திவிட்டது. 2020 டிசம்பரில் மத்திய விளையாட்டு அமைச்சகம் போட்டி விளையாட்டாக அங்கீகரித்தது. 2026 ஐச்சி-நகோயா ஆசியப் போட்டிக்குச் செயல்விளக்க விளையாட்டாக எடுத்துக்கொள்ள முடிவானது. அதில் எனக்கு இருக்கும் கவலை வேறு: எதற்கு மார்க் அதிகமோ அதை நோக்கிக் குழந்தைகளின் உடம்பு வளையும். முதுகை எவ்வளவு பின்னால் வளைத்தாலும் அதற்கு ஏறிக்கொண்டே போகும் மார்க் முறை, வளரும் பிள்ளையின் கீழ்முதுகு முள்ளெலும்பில் நுண்முறிவு வரை கொண்டுபோய் விடும். பின்னால் வளையும்போது இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் வலித்து, இரண்டு வாரம் ஓய்வுக்குப் பிறகும் அந்த வலி போகாவிட்டால், தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சர்வதேச அரங்கில் இந்தப் பாடத்தைத் தாமதமாகவே கற்றார்கள். பெண்கள் ஜிம்னாஸ்டிக்ஸில் மூத்தோர் வயது 1997இல்தான் 16 ஆனது. ஸ்கேட்டிங்கில் 2022 பெய்ஜிங்கில் 15 வயதுப் பெண்ணைச் சுற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு 17க்கு ஏற்றினார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் உடம்புக்கு மட்டுமே வசதியான மார்க் அட்டவணையை வைத்துக்கொண்டு எந்த ஆட்டமும் சர்வதேச வாசலைத் தட்டக் கூடாது.

பள்ளி, வட்டார அளவில் நடத்துகிறவர்கள் செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. கடினத்தை எண்ணும் இருவர் தனி, செய்நேர்த்தி பார்க்கும் ஐவர் தனி. அந்த ஐவரும் ஒரே நீள மேசையில் தோளோடு தோள் உரசி உட்காராமல் களத்தைச் சுற்றி இடைவெளி விட்டு உட்கார வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் அட்டையைத் தூக்க வேண்டும், இல்லையேல் இரண்டாமவர் முதலாமவரைப் பார்த்துத்தான் எழுதுவார். போட்டி தொடங்கும் முன் போட்டியில் இல்லாத ஒருவரை ஆட வைத்து எல்லோரும் ஒரு தடவை மார்க் போட்டு ஒப்பிட வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் முதல் பத்துப் பேருக்குக் கையை இறுக்கிப் போட்டு, பின்னால் வருகிறவர்களுக்குத் தளர்த்துவார்கள். முதல் எண் குலுக்கலில் விழுந்த பிள்ளை அந்த நேரமே தோற்றுவிடும். நீக்கிய மார்க்குகளையும் சேர்த்து முழுத் தாளைச் சுவரில் ஒட்ட வேண்டும். இதை ஒட்ட மறுக்கிற போட்டிக்கு நுழைவுக் கட்டணம் கட்ட யோசியுங்கள்.

உங்கள் பங்குக்கு, அடுத்த போட்டிக்கு ஒரு மாதம் முன்பே நடத்துகிறவர்களிடம் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வரும் சுருக்கம் போதாது. மகள் செய்யப்போகும் ஆசனங்களை வரிசையாக, எதிரே மதிப்போடு எழுதச் சொல்லுங்கள். அதே தாளில் பயிற்சியாளர் மாதிரி மார்க் போட்டுப் பழகட்டும். ஆடும்போது செல்போனைக் கையில் பிடிக்காமல் முக்காலியில், உட்கார்ந்திருக்கும் நடுவரின் கண்ணுயரத்தில், அசைக்காமல் வையுங்கள். அந்த வீடியோவை நடுவர் மேசை சான்றாக ஏற்காமல் போகலாம், உங்களுக்குத் திருத்தம் பார்க்க அதுவே போதும். முறையீட்டுக்கு எத்தனை நிமிடம், எழுத்தில் தர வேண்டுமா, கட்டணம் எவ்வளவு என்பதைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பாரிஸில் நான்கு விநாடியில் போனது ஒலிம்பிக் வெண்கலம். முறையிடும்போது "எம்புள்ளைக்குக் குறைச்சுப் போட்டீங்க" என்று போனால் எந்த நடுவராலும் எதையும் திருத்த முடியாது. "தாளில் ஐந்தாவதாக எழுதிக் கொடுத்த விருச்சிகாசனம் கடினக் கணக்கில் ஏறவில்லை, கொஞ்சம் பாருங்கள்" என்று எழுதிக் கொடுத்தால் அவர்கள் பார்த்தே ஆக வேண்டும்.